தண்ணீர் அவசரப்படாது

மத்தியானம் கொடுத்த விடைத்தாள் கட்டில் இருபது தாள். பியூலா இப்போது ஏழாவதில் இருக்கிறாள். முழங்கால் குடையத் தொடங்குவதும் எப்போதும் ஏழாவது தாளில்தான், முதல் ஆறு தாளுக்கு அது என்னவோ மரியாதை கொடுத்துப் பொறுத்துக்கொள்கிறது. மே மாதத்துத் திருநெல்வேலி வெயில் மொட்டைமாடி வழியாக இறங்கி ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தலைக்கு மேல் மின்விசிறி தாளைப் பறக்கவிடும் வேகத்தில் சுற்றுகிறது, வேர்வையை ஆற்றும் வேகத்தில் சுற்றவில்லை, அதனால் ஆளுக்கு ஒரு செங்கல் துண்டு கொடுத்திருக்கிறார்கள், இந்த முப்பது வருஷத்தில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வந்துசேர்ந்த ஒரே புதுச் சாதனம் அந்தச் செங்கல்தான். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டு டோக்கன் தருவார்கள். அவளுடைய டோக்கன் எண் நாற்பத்து மூன்று. டோக்கனைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறாள், தொலைத்துவிடுவோமோ என்று அரைமணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், யார் கூப்பிட்டுவிடப் போகிறார்கள் என்று கேட்டால் யாரும் இல்லை, ஆனாலும் தொட்டுப் பார்க்கிறாள். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம். அடுத்த மே மாதம் இந்தச் செங்கல் வேறு யாருக்காவது போய்விடும். சிவப்புப் பேனா பிடித்துப் பிடித்து நடுவிரலில் காய்த்துப்போன இடம் மட்டும் அவளோடு வீட்டுக்கு வரும்.

பதினேழாவது கேள்வி, ஆ பிரிவு, ஐந்து மதிப்பெண். மூவிணைய பியூட்டைல் புரோமைடு தண்ணீரில் ஆல்கஹாலாக மாறும் வினையின் வழிமுறையை எழுதுக. அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். நடுவில் ஒரு கார்பன், மூன்று கையில் மூன்று மெத்தில், நாலாவது கையில் புரோமின். புரோமின் முதலில் பிரிந்து போகிறது, போகும்போது அந்தப் பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரானையும் தானே எடுத்துக்கொண்டு போகிறது. கார்பன் குறைபட்டு நேர்மின் சுமையோடு நிற்கிறது. அப்புறம் தண்ணீர் வந்து அந்தக் காலி இடத்தில் சேர்கிறது. அவ்வளவுதான் கதை. யாரும் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது, தொடக்கமும் தெரியும், முடிவும் தெரியும், நடுவில் நடந்ததை இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று வளைந்த அம்புக்குறி போட்டுச் சொல்கிறோம். அம்பு எலக்ட்ரான் இருக்கிற இடத்தில் தொடங்க வேண்டும், அது போகிற இடத்தில் முடிய வேண்டும். இதை முப்பத்திரண்டு வருஷம் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகள் அவளுக்கு அம்பு மிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் இந்தத் தாளில் அம்பு புரோமினில் தொடங்கிப் பிணைப்பில் முடிகிறது. தலைகீழ். போகிறவன் தன் கையில் இருந்ததையும் வைத்துவிட்டுப் போகிறான் என்கிற மாதிரி. அடுத்த வரியிலோ புரோமைடு எதிர்மின் சுமையோடு ஒழுங்காக நிற்கிறது, வெறுங்கையோடு போனவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று எழுதிய பிள்ளை யோசிக்கவே இல்லை. மனப்பாடம். நாலாவது தாளிலும் இப்படி. ஐந்திலும் ஆறிலும் இப்படி. முதல் படிக்கு உண்டான இரண்டு மதிப்பெண்ணையும் வெட்டிவிட்டு வந்திருக்கிறாள். இதிலும் பேனாவை வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள், இழுத்த கை கீழே இருந்த வரிக்கு வந்து நின்றுவிட்டது. முதல் படி மெதுவானது என்று எழுதி, அதன் கீழே அடிக்கோடு போட்டு ஒரு வாக்கியம். தண்ணீர் அவசரப்படாது.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத வாக்கியம் அது. அவள் வாயில் இருந்து வந்தது. கருக்கவர் காரணி, வேகத்தைத் தீர்மானிக்கும் படி என்றெல்லாம் எழுதிப்போட்டால் பிள்ளைகளுக்குக் கண் சொருகும், அதனால் அவள் சுண்ணாம்புக் கையை உதறிக்கொண்டே சொல்லுவாள், புரோமின் போகிற வரைக்கும் தண்ணீர் சும்மா நிற்கும்ட்டி, தண்ணீர் அவசரப்படாது என்று. வகுப்பே சிரிக்கும். அதை ஒருத்தி நோட்டில் எழுதியிருக்கிறாள். எழுதியதை இன்னொரு தலைமுறைக்குச் சொல்லியிருக்கிறாள், அவர்கள் பரீட்சையில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு கணம் பியூலாவுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது, இந்தக் காலத்தில் யார் யாருடைய வார்த்தையை வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த கணம் கண் மறுபடி அம்புக்குப் போனது. வாக்கியம் அவளுடையது என்றால் அம்பு யாருடையது? அவள் திருத்திவிட்ட மூன்று தாளையும் திரும்ப எடுத்தாள். நாலில் இருக்கிறது. ஐந்தில் தண்ணீர் அவசரபடாது, ஒற்று இல்லாமல். ஆறில் சிவப்புக் கோட்டுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது, அவள் பார்க்கவில்லை. மீதிக் கட்டைப் புரட்டினாள், புரட்டப் புரட்ட ஒரே அம்பு, ஒரே வாக்கியம், அதை எழுதாமல் வேறு கேள்விக்குப் போனவர்கள் ஆறு பேர், எழுதியவர்கள் பதினான்கு பேர்.

"என்னக்கா, கட்டு புதையல் கட்டா? இப்பிடிப் புரட்டுதீங்க?" பக்கத்து நாற்காலி சபூரா. மேலப்பாளையத்துக்காரி, வேறு கல்லூரி, ஆனால் பன்னிரண்டு வருஷமாக முகாமில் இவளுக்குப் பக்கத்து இடம்தான்.

"ஒரே தப்பைப் பதினாலு பேரு செஞ்சிருக்கு, சபூரா."

"காப்பியா?"

"காப்பி இல்ல. சொல்லிக் குடுத்தது."

"அப்ப சொல்லிக் குடுத்தவளத் தூக்கித் தண்ணியில போடணும்," என்று சொல்லிவிட்டு சபூரா தன் தாளுக்குக் குனிந்துகொண்டாள். டீக்காரர் அண்டாவோடு வந்தார். பியூலா டம்ளரை வாங்கிச் செங்கல் மேல் வைத்தாள். ஆடை படிந்து, குடிக்காமலே அது ஆறிப்போனது.

முத்துச்செல்வி. வேறு யாராக இருக்க முடியும். முதல் பெஞ்சு, நாலு நிறப் பேனா, இருமினால்கூட நோட்டில் ஏற்றிவிடும் பிள்ளை. படித்து முடித்து எங்கோ ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆசிரியர் தினத்துக்கு வருஷம் தவறாமல் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூவும், மிஸ் இன்னும் உங்க நோட்ஸ் வச்சுத்தான் கிளாஸ் எடுக்கேன் என்று ஒரு வரியும் அனுப்புவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பியூலா உள்ளூரக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள். நான் அப்படிப் போட்டிருக்கவே மாட்டேன், அவள்தான் தப்பாக எழுதியிருப்பாள், என்று இப்போது மனசு சட்டென்று சொன்னது. சொன்ன வேகத்திலேயே அசட்டுத்தனமாக இருந்தது. முத்துச்செல்வி எதையும் தப்பாக எழுத மாட்டாள், சரியானதையும் தப்பானதையும் போர்டில் இருந்தபடியே எழுதுவாள், அதுதான் அவளுடைய திறமை, அதுதான் அவளுடைய குறையும். அப்படியென்றால் போர்டில் அது இருந்திருக்கிறது. எந்த வருஷம்? முத்துச்செல்வி பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். அது பியூலாவின் மகள் எப்சியும் இரண்டாம் வருஷம் படித்த வருஷம், அம்மா வேலை பார்க்கும் கல்லூரியில் தினமும் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று வேறு கல்லூரியில் சேர்ந்து அதே வேதியியல் படித்த வருஷம். மாதம் அக்டோபர். பியூலா அந்த மாதத்துக்குள் போகாமல் இருக்க எட்டாவது தாளை எடுத்தாள், முதல் கேள்வி, சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக, ஆ, சரி, இரண்டாவது, இ, தப்பு. அக்டோபர்தான். செவ்வாய்க்கிழமை. இரண்டாவது பீரியடு.

அன்று காலையில் எப்சியின் அலமாரியில் விரித்த செய்தித்தாளை மாற்றப் போனாள், அவ்வளவுதான், வேறு எதையும் தேடவில்லை. செய்தித்தாளுக்கு அடியில் மதிப்பெண் பட்டியல். ஜூன் மாதமே வந்தது, நாலு மாதமாக அங்கே படுத்திருந்திருக்கிறது. கரிம வேதியியல், தேர்ச்சி இல்லை, மூன்று மதிப்பெண் குறைவு. வேறு எந்தப் பாடத்தில் போயிருந்தாலும், கணக்கில் போயிருந்தால், இயற்பியலில் போயிருந்தால், என்று பியூலா பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். எப்சி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். என்னட்டி இது என்றதற்கு நிமிர்ந்து பார்த்து, உங்க பாடம் எனக்கு வரலம்மா, என்றாள். அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, மழை வரும்போல இருக்கு என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். அப்பா இல்லாத பிள்ளை, எட்டு வருஷம் ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை, பைபிளில் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பெயர், அம்மா பியூலா என்பதால் எப்சிபா என்று தேடிப் பெயர் வைத்த பிள்ளை. பியூலா அவளுடைய கல்லூரிப் பையை எடுத்தாள், கண்ணில் பட்ட இரண்டு சுடிதாரை அதில் திணித்தாள், வாசற்படிக்கு வெளியே வைத்தாள். பிள்ளை எண்ணெய்க் கையோடு பையை எடுக்க வெளியே வந்தது. பியூலா கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல், மணி எட்டே முக்கால் என்று மட்டும் பார்த்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். அந்த நடை இப்போதும் முழங்காலில் இருக்கிறது. இரண்டாவது பீரியடில் போர்டு முன்னால் நின்றபோது கையில் சுண்ணாம்புக்கட்டி இருந்ததும், புரோமினை எழுதியதும், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் இல்லாமல் வெள்ளையாக இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்த வெள்ளையில்தான் கை தானாக அம்பைப் போட்டிருக்க வேண்டும். அறுபது பிள்ளைகள், ஒருத்தி கேட்கவில்லை. மறுநாள் முதல் ஒரு வாரம் விடுப்பு, திரும்பி வந்தபோது பாடம் வேறு ஒருவர் கையில் எங்கேயோ போய்விட்டிருந்தது.

மூன்று மணிக்கு அன்றைக்குக் கடைசி வகுப்பு முடிந்தது. வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. அவள் போகவில்லை. ஆய்வகத்தில் கழுவி வைத்திருந்த ப்யூரெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கழுவினாள், நிற்கட்டும், கொஞ்ச நேரம் நிற்கட்டும், அப்போதுதான் புத்தி வரும். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்து ஓய்ந்தது. நாலரைக்குப் போனபோது வாசலில் பையும் இல்லை, பிள்ளையும் இல்லை. படி நனைந்திருந்தது. காலையிலேயே ரோஷத்தில் கிளம்பியிருக்கிறாள், நான் தெருமுனை திரும்புவதற்குள் கிளம்பியிருக்கிறாள், என்று பியூலா அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள். எதிர்வீட்டு மேரியக்கா வேலிப்பக்கம் வந்து, டீச்சர் உங்க பிள்ளை, என்று ஏதோ சொல்ல ஆரம்பித்ததற்கு, அவளாப் போயிட்டா, என்று வெட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சபையிலும் அதுதான், கல்லூரியிலும் அதுதான். அவளாப் போயிட்டா. மதுரையில் சினேகிதி வீட்டில் கொஞ்ச நாள் இருந்து, பிறகு கோயம்புத்தூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, இன்றைக்கு அந்தக் கடையையே பார்த்துக்கொள்கிறாள், கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை பேசுவாள், நல்லாருக்கீங்களாம்மா, இருக்கேன், நீ, இருக்கேன், மாத்திரை போடுதீங்களா, போடுதேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். பதினோரு வருஷமாக.

இந்தப் பதினோரு வருஷத்தில் பியூலா வகுப்பெடுக்கும்போதும், சமைக்கும்போதும், ஆராதனையில் கண்ணை மூடி நிற்கும்போதும் செய்துகொண்டிருந்தது ஒரே வேலைதான், எப்சி போனதற்கு வழிமுறை எழுதுவது. வெளியேறும் வினை இரண்டு விதம். ஒருத்தர் பின்பக்கமாக வந்து தள்ள, அதே நேரத்தில் இருந்தது வெளியேறுவது ஒன்று, அதில் வேகம் இரண்டு பேரைச் சார்ந்தது. யாரும் தள்ளாமல் தானே பிரிந்து போவது இன்னொன்று, அதில் வேகம் போகிறவரை மட்டும் சார்ந்தது. எப்சி இரண்டாவது வகை என்று அவள் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டாள். நல்ல வெளியேறும் தொகுதி என்பது தனியாக நின்று தாங்கக்கூடியது என்றுகூடப் பாடத்தில் இருக்கிறதே, அவள் தாங்கினாளே, கோயம்புத்தூரில் தனியாக நின்று காட்டினாளே, அதிலிருந்தே தெரியவில்லையா. அப்படி நினைத்தால் ராத்திரி தூக்கம் வந்தது, அதனால் அப்படி நினைத்தாள். ஆனால் தானே பிரிகிறது என்று நாம் எழுதினாலும் அது தானே பிரிவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும், சுற்றிலும் தண்ணீர் நெருக்கிப் பிடித்து இழுக்காவிட்டால் மூவிணைய பியூட்டைல் புரோமைடு வருஷக்கணக்கில் பாட்டிலில் அப்படியே இருக்கும், இதையும் அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள், ஒவ்வொரு வருஷமும், அடுத்த வகுப்பில். இது எதுவும் பிள்ளை இல்லை, புரோமின், என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பிள்ளையைப் புரோமினாக்கிப் போர்டில் போட்டு வைத்திருக்கிற அம்மா உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய். சலிப்பாக இருந்தது. பதினோரு வருஷம் ஒரே கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சலிக்காது.

பதினோராவது தாள் இருபத்தெட்டில் வந்து நின்றது. எழுபத்தைந்துக்கு முப்பது இருந்தால் தேர்ச்சி. மறுபடி கூட்டினாள், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, இருபத்தெட்டுதான். கூட்டல் மாறவில்லை என்றதும் தாளுக்குள் போய் எங்காவது அரை மதிப்பெண் ஒளிந்திருக்கிறதா என்று துழாவினாள். கெட்டிக்காரப் பிள்ளை இல்லை. பென்சீன் வளையத்தை வரைந்திருப்பதைப் பார்த்தால் ஆமவடை மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியையும் விடவில்லை, தெரியாததற்கும் தெரிந்த மாதிரி ஒரு பக்கம், மார்ஜின் போட்டு, தலைப்புக்குப் பச்சைப் பேனா. பதினேழு ஆவில் அயனி சரி, புரோமைடு சரி, தண்ணீர் வருவது சரி, ஆல்கஹால் சரி. அம்பு மட்டும் பியூலாவுடையது. அந்த அம்புக்கு வெட்டிய இரண்டு மதிப்பெண் போனால் இந்தப் பிள்ளை போயிற்று. தாளில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஆளை மறைக்கப் போட்ட ஒரு பொய் எண் மட்டும்தான். ஜூன் மாதம் முடிவு வரும். எந்த வீட்டு அலமாரியில் எந்தச் செய்தித்தாளுக்கு அடியில் இது போய்ப் படுக்குமோ.

சும்மா போட்டுவிடலாம், இரண்டு மதிப்பெண், யார் கேட்கப் போகிறார்கள், சரிபார்க்கிறவர்கள் கூட்டலைத்தான் பார்ப்பார்கள், அம்பைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இதற்குப் போட்டால் மற்ற பதின்மூன்றுக்கு? அவற்றுக்கும் போட்டால், அதே கல்லூரியின் அடுத்த கட்டு இந்த ஹாலில் யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்கு? காலையில் வெட்டச் சொன்னதே அவள்தானே. பல்கலைக்கழகம் அனுப்பிய விடைக்குறிப்பில் முதல் படிக்கு அயனியும் புரோமைடும் சரியாக இருந்தால் இரண்டு என்றுதான் இருந்தது. தலைமைத் தேர்வாளர் வேலாயுதம் சார் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து, சார், வழிமுறைன்னாலே அம்புதான், அம்பு தலைகீழா இருந்தா அந்தப் படிக்கு ஒண்ணும் கிடையாதுன்னு போடுங்க, என்றாள். சீக்கிரம் ஆரம்பித்தால் போதும் என்றிருந்த அவரும் சரி என்று போட்டுவிட்டார். எத்தனை பேர் அப்போது அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், அம்பு மேடம் ஆரம்பிச்சிட்டாங்க என்று. அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது, இப்போது நினைத்தால் காது சுடுகிறது. போய்ச் சொன்னால் இத்தனை பேருக்கும் தெரியும். ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, கேட்டீங்களா, அந்த அம்பு மேடமே தலைகீழா நடத்தினவங்களாம், என்று இங்கிருந்து தென்காசி வரைக்கும், தூத்துக்குடி வரைக்கும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எப்சி விஷயமும் அப்படித்தான், சொல்லாததால் யாருக்கும் தெரியாது. பியூலா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள், வாயெல்லாம் ஆடை ஒட்டியது. இருபத்தெட்டு மதிப்பெண் தாளின் மேல் செங்கல்லை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வேலாயுதம் சார் மூலையில் தனி மேசையில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"சார், பதினேழு ஆவுக்குக் காலையில நான் சொன்னத எடுத்திரணும்."

"எத?"

"அம்புக்கு வெட்டுறத."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். "மேடம், காலம்பற ஒத்தக்கால்ல நின்னது யாரு? நீங்கதான். இப்ப பாதித் தாள் முடிஞ்சாச்சி."

"ஒரு கட்டுப் பூரா ஒரே மாதிரி தலைகீழாப் போட்டிருக்கு சார். பிள்ளைகளோட தப்பு இல்ல. அவங்களுக்கு அப்பிடிச் சொல்லிக் குடுத்திருக்கு."

"சொல்லிக் குடுத்தவங்க தப்புக்கு நாம மார்க் போட முடியுமா? நாளைக்கு ஒருத்தன் தண்ணியோட வாய்பாடே வேறன்னு சொல்லிக் குடுப்பான்."

"சொல்லிக் குடுத்தது நான்."

அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். "உங்க காலேஜ் தாள் உங்களுக்கு வராதே மேடம்."

"என் காலேஜ் இல்ல. எங்கிட்டப் படிச்ச பிள்ள எங்கயோ நடத்துது. பதினோரு வருசத்துக்கு முந்தி நான் போர்டுல போட்டத அப்பிடியே வச்சிருக்கா. அதுல நான் சொன்ன சொல்லும் இருக்கு சார், தண்ணீர் அவசரப்படாதுன்னு, வேற யாரும் சொல்ல மாட்டாங்க."

வேலாயுதம் சார் விடைக்குறிப்பை இழுத்து வைத்துப் பார்த்தார். "யூனிவர்சிட்டி குடுத்த குறிப்புல அம்புக்குத் தனியா இல்ல. அதுப்படியே போவோம்னா போகலாம், எழுத்துல ஒண்ணும் மாத்த வேண்டாம். ஆனா எல்லாரும் காலையில திருத்துனதத் திரும்பப் பிரிக்கணும். நான் சொன்னா என்னய ஏசுவாங்க. நீங்களே சொல்லிருங்க."

அவள் ஹாலைப் பார்த்துத் திரும்பினாள். முப்பது தலைகள், முப்பது செங்கல். முப்பத்திரண்டு வருஷம் அறுபது அறுபது பேருக்கு முன்னால் நின்றவள், முதல் நாள் மாதிரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எல்லாரும் ஒரு நிமிசம்," என்றாள். "பதினேழு ஆ. அம்பு தலைகீழா இருந்தா வெட்டச் சொன்னது நான். வெட்ட வேண்டாம். அந்த அம்ப அப்பிடிப் போட்டதே நாந்தான். ஒரு நாள் புத்தி எங்கயோ இருந்து போர்டுல போட்டுட்டேன், அத எங்கிட்டப் படிச்ச பிள்ள ஒண்ணு எழுதி, அது பிள்ளைகளுக்குப் போயிருக்கு. இன்னிக்குத்தான் பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், "அப்ப காலையில உள்ளது?" என்று கேட்டார். "பிரிங்க, பிரிங்க," என்றார் வேலாயுதம் சார். நாற்காலிகள் கிறீச்சிட்டன, ஒரு பெருமூச்சு ஹால் முழுக்கப் போய் வந்தது, யாரோ மதியச் சாப்பாட்டையே குறை சொல்லத் தொடங்கினார்கள். இவ்வளவுதானா என்று பியூலாவுக்கு இருந்தது. இதற்காகவா காது சுட்டது. சபூரா தன் முடிந்த கட்டின் நூலை அவிழ்த்துக்கொண்டே, "நல்லா வேல வச்சீங்கக்கா," என்றாள், பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணியில போடணும்னு சொன்னேன்லா, அத மனசுல வச்சுக்கிடாதீங்க," என்றாள்.

பதினோரு தாளில் அந்தக் கேள்வியை எழுதியிருந்தவற்றையெல்லாம் எடுத்து, சிவப்புக் கோட்டை அடித்து, இரண்டு போட்டு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டாள். இருபத்தெட்டு முப்பது ஆயிற்று. நிம்மதி வரும் என்று பார்த்தாள், வரவில்லை, அலுப்புதான் வந்தது, அம்பைச் சரிசெய்யவில்லை நீ, அம்பு அங்கேயே தலைகீழாகத்தான் இருக்கிறது, அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறாய். முத்துச்செல்விக்கு இன்று சாயங்காலம் எழுத வேண்டும். ரோஜாப்பூவுக்குப் பதில் ஒரு அம்பு படம் வரைந்து அனுப்ப வேண்டும். அது சுலபம். மீதி ஒன்பது தாளையும் எப்படித் திருத்தினாள் என்றே தெரியவில்லை, நாலேகாலுக்குக் கட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள், நாற்பத்து மூன்று என்று நீட்டினாள், கூடையில் இருந்து கைப்பேசி வந்தது. அழைப்பு ஒன்றும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நிழல் ஒரு முழம்தான் இருந்தது, அதற்குள் நின்றுகொண்டு எப்சியின் எண்ணை எடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கடையில் ஆள் இருக்கும் நேரம். எடுக்க மாட்டாள். எடுத்தால் என்ன சொல்ல. ஒலித்தது, மூன்று முறை.

"என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சி?" எப்சியின் குரல் பதறியது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"பிறவு?"

 தெருவில் ஒரு ஆட்டோ நின்று, வாரீங்களா என்று கேட்டது, தலையை ஆட்டி அனுப்பினாள். "எப்சி, அன்னைக்கி நீயாப் போகல. கதவப் பூட்டுனது நான்."

அந்தப் பக்கம் கண்ணாடிப் பெட்டி ஒன்றை மூடும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாதாம்மா," என்றாள் எப்சி. "நான் வெளிய தான நின்னேன்."

"நான் எல்லார்ட்டயும் நீயாப் போயிட்டன்னு சொல்லிட்டேன். காலையிலயே போயிட்டன்னு."

"காலையிலயா? மூணரை வரைக்கும் அங்கதாம்மா நின்னேன். மூணு மணிக்குக் கிளாஸ் முடிஞ்சா மூணேகாலுக்கு வந்திருவீங்கல்லா, வந்ததும் கால்ல விழுந்திரலாம்னு நின்னேன். மேரியக்கா கூப்பிட்டதுக்குக்கூடப் போகல. மழ வந்துட்டு. மழையிலயும் கொஞ்ச நேரம் பாத்தேன். நீங்க வரலன்னதும், சரி, வேண்டாம்னுதான் வராம இருக்காங்கன்னு..." குரல் நின்றது. "லேப்ல வேல இருந்திருக்கும், என்னம்மா?"

இருந்தது என்று சொல்லிவிடலாம். பிள்ளையே எடுத்துக் கையில் கொடுக்கிறது, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், இத்தனை அலுப்புக்கு அது போதும். கழுவின ப்யூரெட்டை மறுபடி கழுவிய தண்ணீர் கை வழியாக முழங்கை வரை வழிந்தது ஞாபகம் வந்தது, ஜன்னலில் அந்த மழை, அதே மழை. பியூலா நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், அது சுட்டது.

"வேல ஒண்ணும் இல்ல எப்சி. மூணு மணிக்கே முடிஞ்சிட்டு. நீ நிக்கட்டும்னு நான் வரல."

பேருந்து வந்தது, கதவு திறந்தது, நடத்துனர் அவளைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார், பேருந்து போனது. அவள் போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள்.  கிறிஸ்துமஸ் பேச்சின் இரண்டு நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. எப்சி இன்னும் போனை வைக்கவில்லை.